கடைமடைக்கு வராத வெளிச்சம்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்று ஓர் இடம். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அங்கே எதிரெதிரே இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே அம்பாசடர் டாக்சிகள் வரிசையாக நிற்கும். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பெட்டியும் பையுமாக வருவார்கள். "நாகர்கோவில் போகணும்" என்பார்கள். "கன்னியாகுமரி போகணும்" என்பார்கள். டாக்சி புறப்படும்.

அந்த வரிசையில் ஒரு டாக்சிக்காரர் இருந்தார். சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். தமிழும் பேசுவார். மலையாளமும் பேசுவார். பகலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டுவார். இரவு ஓட்டம் என்றால் மட்டும் தயங்குவார். அவருடைய வண்டியின் ஹெட்லைட் அப்படி.

ஹெட்லைட் எரியாமல் இல்லை. எரியும். ஆனால் மஞ்சளாக எரியும். மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓர் ஆள் நடப்பது போல இருக்கும். "அம்பாசடர் என்றால் அப்படித்தான். கம்பெனியில் இருந்து வரும்போதே அவ்வளவுதான்" என்று மற்ற டிரைவர்கள் சொல்வார்கள். அவரும் அப்படியே நினைத்திருந்தார்.

ஒரு கார்த்திகை மாதம். மலையாளத்தில் அதை விருச்சிகம் என்பார்கள். சபரிமலைக்கு மாலை போடும் காலம். டாக்சிக்காரர் நாகர்கோவிலில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. களியக்காவிளை கடந்தது. பாறசாலை கடந்தது. நெய்யாற்றின்கரையும் கடந்தது. பாலராமபுரம் வரப்போகிறது.

எதிரே ஒரு லாரி வந்தது. அதன் விளக்கு கண்ணைக் குத்தியது. லாரி தாண்டிப் போனதும் எல்லாம் ஒரே இருட்டாகிவிட்டது. அவர் கண்ணைச் சிமிட்டினார். சாலை தெரிந்தது. சாலையின் ஓரத்தில் மூன்று பேர் தெரிந்தார்கள்.

மூவரும் கறுப்பு வேட்டி. தோளில் கறுப்புத் துண்டு. நடுவில் ஒரு சிறுவன். கோயிலுக்கு நடந்து போகிற சாமிகள்.

டாக்சிக்காரர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். டயர் தேய்ந்த சத்தம் கேட்டது. வண்டி நின்றது. வண்டியின் மூக்குக்கும் சிறுவனின் முதுகுக்கும் நடுவே இரண்டு முழம் இருந்திருக்கும். சிறுவன் திரும்பிப் பார்த்தான். கூட வந்த பெரியவர் "சாமி சரணம்" என்றார். சிறுவனை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டார். அவர்கள் நடந்து போய்விட்டார்கள்.

டாக்சிக்காரரால் வண்டியை எடுக்க முடியவில்லை. கை நடுங்கியது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு சிறிய கணக்கு

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் என்றால் 60,000 மீட்டர். ஒரு மணி நேரம் என்றால் 3,600 விநாடி. 60,000-ஐ 3,600-ஆல் வகுத்தால் 16.6 வரும். அதாவது, "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறது.

முன்னால் ஆள் நிற்பதைக் கண் பார்க்க வேண்டும். மனம் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு கால் பிரேக்குக்குப் போக வேண்டும். இதற்கே ஒரு விநாடி ஆகும். அதில் 17 மீட்டர் போச்சு. பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. காய்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டருக்கு மேல் ஓடித்தான் நிற்கும். மழை பெய்த சாலையில் இன்னும் அதிகம். ஆக, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 40 மீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

டாக்சிக்காரரின் வண்டியில் 25 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வெள்ளை வேட்டி கட்டியவர் என்றால் கொஞ்சம் முன்னால் தெரியும். கறுப்புத் துணி தன் மேல் விழும் வெளிச்சத்தில் மிகக் கொஞ்சத்தையே திருப்பி அனுப்பும். அன்று அவர் 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தார். அதனால்தான் அந்த இரண்டு முழம் மிச்சமானது.

நூறு வாட் பல்பு

விடிந்ததும் அவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். சாலை என்பது திருவனந்தபுரத்தின் பழைய பெரிய சந்தை. அங்கே தமிழ் வியாபாரிகள் நிறையப் பேர். ஒரு கடையில் இரண்டு பல்பு வாங்கினார். ஒவ்வொன்றும் நூறு வாட். வண்டியில் இருந்த பல்பு 45 வாட். டிம் அடித்தால் 40 வாட். "இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும்" என்று கணக்குப் போட்டார்.

கரமனையில் ஒரு பட்டறை இருந்தது. வண்டிகளுக்கு மின்சார வேலை செய்யும் பட்டறை. வைத்திருந்தவர் கோட்டாற்றுக்காரர். வயதானவர். எல்லாரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆசானே, இந்தப் பல்பு ரெண்டையும் மாட்டித் தாங்க."

ஆசான் பல்பை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இது வேண்டாம் மக்களே. முதல்ல வண்டிய விடு. பாப்போம்."

ஆசான் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்தார். அதன் இரண்டு முள்ளையும் பேட்டரியில் வைத்தார். 12.4 காட்டியது. அடுத்து ஹெட்லைட்டைக் கழற்றினார். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் பின்பக்கம் முள்ளை வைத்தார். 10.6 காட்டியது.

"பேட்டரியில பன்னிரண்டே கால் போல இருக்கு. பல்புக்கு வர்றது பத்தரை. நடுவுல ஒண்ணே முக்கால் எங்கே போச்சு?"

டாக்சிக்காரருக்குப் பதில் தெரியவில்லை.

"உங்க வயல் எங்கே இருக்கு?" என்று கேட்டார் ஆசான்.

"வயல் இப்ப இல்லை. அப்பா காலத்துல இருந்தது. கால்வாயோட கடைசியில."

"பேச்சிப்பாறை அணையில தண்ணி நிறைஞ்சு கிடக்கும். கடைமடைக்கு வந்துச்சா?"

"எங்க வர? வழியிலேயே போயிரும். கால்வாய் மண் மூடிக் கிடக்கும். அங்கங்கே உடைப்பு."

"இதுவும் அதுதான். பேட்டரி அணை. பல்பு கடைமடை. நீ என்னடான்னா வயலப் பெரிசாக்கப் பாக்கே."

மின்சாரம் போகும் வழி

அம்பாசடர் கார் 1957-58 காலத்தில் இந்தியாவில் வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரைப் பார்த்துச் செய்தது. அந்தக் காலத்து வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் போகும் வழி நீளமானது. பேட்டரியில் இருந்து புறப்படும். டிரைவர் முன்னால் இருக்கும் சுவிட்சுக்கு வரும். அங்கிருந்து டிம், பிரைட் மாற்றும் டிப்பருக்குப் போகும். பிறகு மறுபடியும் முன்பக்கம் போய் ஹெட்லைட்டைச் சேரும். அவ்வளவு மின்சாரமும் சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறிய பித்தளைத் தகடு வழியாகத்தான் போக வேண்டும்.

வண்டி புதிதாக இருக்கும்போதே இந்த வழியில் கொஞ்சம் இழப்பு உண்டு. பத்து வருடம் ஆனால் கேட்கவே வேண்டாம். தகடு கருகியிருக்கும். வயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கும். திருவனந்தபுரம் கடலோர ஊர். காற்றில் உப்பு உண்டு. ஜூன் மாதம் தொடங்கும் மழை மாதக்கணக்கில் பெய்யும். இரும்பும் செம்பும் வேறு ஊர்களைவிட இங்கே சீக்கிரம் அரித்துப் போகும்.

கொஞ்சம் வோல்ட் குறைந்தால் கொஞ்சம்தானே வெளிச்சம் குறையும்? அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பல்பின் உள்ளே ஒரு மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. அது சூடாகி வெள்ளையாகப் பழுத்தால்தான் வெளிச்சம் வரும். வோல்ட் குறைந்தால் கம்பி போதிய அளவு சூடாகாது. சிவப்பும் மஞ்சளுமாக நின்றுவிடும். வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடும். வோல்ட்டில் பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் பாதி வெளிச்சம்கூட மிஞ்சாது.

டாக்சிக்காரரின் வண்டியில் 12.4 வர வேண்டிய இடத்தில் 10.6 வந்தது. பத்தில் நான்கு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விட்டது. பல்பு நல்ல பல்புதான். அதற்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை.

"அப்ப நூறு வாட் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் டாக்சிக்காரர்.

வாட் கணக்கை வோல்ட் கணக்கால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது என்று தெரியும். 45 வாட் பல்பு இரண்டு என்றால் 90 வாட். 90-ஐ 12-ஆல் வகுத்தால் ஏழரை ஆம்பியர். நூறு வாட் பல்பு இரண்டு என்றால் 200 வாட். 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர். ஏழரைக்கே திணறுகிற சுவிட்சில் 17 போனால்? வழியில் இழப்பு இன்னும் கூடும். சுவிட்ச் கொதிக்கும். வயரின் மேலுறை உருகும். உருகிய வயர் இரும்பில் பட்டால் தீப்பிடிக்கும். பழைய டைனமோ மொத்தமே 20 ஆம்பியர் அளவுக்குத்தான் தரும். விளக்கு 17 எடுத்துக்கொண்டால் வைப்பருக்கும் ஹாரனுக்கும் என்ன இருக்கும்? இரவு முழுதும் ஓட்டினால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

முதலில் எர்த்

ஆசான் ஒரு நீள வயரை எடுத்தார். ஒரு நுனியைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்தார். மறு நுனியை ஹெட்லைட்டின் எர்த் இணைப்பில் தொட்டார். விளக்கு சட்டென்று வெளுத்தது. வயரை எடுத்தார். மறுபடி மங்கியது.

"பாத்தியா? போற வழி மட்டும் இல்ல. திரும்பி வர்ற வழியும் அடைச்சுக் கிடக்கு."

மின்சாரம் பல்புக்குப் போனால் மட்டும் போதாது. பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். காரில் அது வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்புகிறது. இதைத்தான் எர்த் என்கிறார்கள். ஹெட்லைட்டின் எர்த் வயர் ஒரு சிறிய திருகாணியில் முடிகிறது. அந்தத் திருகாணி துருப்பிடித்திருந்தது. ஆசான் அதைக் கழற்றினார். உப்புத்தாளால் தேய்த்து இரும்பைப் பளபளப்பாக்கினார். புதுத் திருகாணி போட்டு முறுக்கினார். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார், ஈரம் படாமல் இருக்க. இந்த வேலைக்கு ஆன செலவு ஒரு திருகாணி.

வண்டி வைத்திருப்பவர் யாரும் இதை முதலில் பார்த்துவிட வேண்டும். பலருக்கு இதற்கு மேல் செலவே வராது.

மடை திறக்கிறவர்

அடுத்தது ரிலே. தீப்பெட்டி அளவு இருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அது ஒரு மடைக் கதவு.

மடையில் ஒருவர் கதவைத் திருகித் திறக்கிறார். தண்ணீர் பாய்கிறது. தண்ணீர் அவர் கை வழியாகவா போகிறது? இல்லை. கை திருகுகிறது. தண்ணீர் கால்வாயில் போகிறது. பழைய வண்டியில் தண்ணீர் முழுதும் அவர் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ரிலே வைத்தால் அது மாறும்.

ரிலேயின் உள்ளே செம்புக்கம்பி சுற்றிய ஒரு சுருள் இருக்கிறது. டிரைவர் சுவிட்சைப் போட்டால் மிகக் குறைந்த மின்சாரம் அந்தச் சுருளுக்குப் போகும். ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். சுருள் காந்தமாகும். காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். "டிக்" என்று சத்தம் வரும். பேட்டரியில் இருந்து நேராக வந்த தடித்த வயர் அங்கே ஹெட்லைட் வயரோடு சேரும். மின்சாரம் குறுக்கு வழியில் பல்புக்குப் பாயும். சுவிட்சுக்குச் சுமை இல்லை. அது பல வருடம் கெடாமல் இருக்கும்.

டிம்முக்கு ஒரு ரிலே. பிரைட்டுக்கு ஒரு ரிலே. ஆசான் இரண்டையும் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் வைத்தார். வேலை தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டார். இதை மறக்கக் கூடாது. வயர் இரண்டரை சதுர மில்லிமீட்டர் தடிப்பு. பேட்டரியை விட்டு வயர் புறப்படும் இடத்திலேயே பியூஸ் வைத்தார். எங்கோ தள்ளி வைத்தால், பேட்டரிக்கும் பியூசுக்கும் நடுவில் வயர் உரசினால் காப்பாற்ற ஆள் இல்லை.

டாக்சிக்காரர் ஒரு பியூஸ் போதும் என்று நினைத்திருந்தார். ஆசான் இடது விளக்குக்கு ஒன்று, வலது விளக்குக்கு ஒன்று என்று போட்டார்.

"ஒண்ணு மட்டும் போட்டா, அது போற அன்னிக்கு ரெண்டு கண்ணும் போயிரும். வளைவுல போகும்போது போனா என்ன செய்வே?"

எல்லாம் மாட்டி மறுபடி மீட்டர் வைத்தார். பேட்டரியில் 12.4. பல்பில் 12.1. டாக்சிக்காரர் விளக்கைப் பார்த்தார். அதே பழைய பல்பு. பட்டறைச் சுவரில் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது.

வெள்ளி மங்கினால்

இடது விளக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஹெட்லைட்டின் உள்ளே கிண்ணம் போல ஒன்று இருக்கும். கண்ணாடி போலப் பளபளக்கும். பல்பின் வெளிச்சத்தை முன்னால் தள்ளுவது அதுதான். ஓரத்து ரப்பர் வெடித்து மழைத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. கிண்ணத்தின் பளபளப்பு போய்ச் சாம்பல் படிந்திருந்தது. துணி வைத்துத் துடைத்தால் சரியாகாது. பூச்சு இன்னும் உரிந்து வரும். கிண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆசான் மாற்றினார். புது ரப்பரும் போட்டார். அம்பாசடரின் ஹெட்லைட் ஏழு அங்குல வட்டம். பியட் பத்மினியிலும் அதே அளவுதான். அதனால் சாமான் கிடைப்பது கடினமில்லை.

"இனி ஆலசன் போடணும்னா போடலாம். 60 வாட், டிம்முக்கு 55 வாட். அதுக்கு மேல வேண்டாம்" என்றார் ஆசான்.

காருக்கு முதலில் எண்ணெய் விளக்குதான் இருந்தது. பிறகு கார்பைடு வாயு விளக்கு வந்தது. 1912-இல் அமெரிக்காவில் கேடிலாக் கார் மின்சார விளக்கோடு வந்தது. 1962-இல் ஐரோப்பாவில் ஆலசன் பல்பு காருக்கு வந்தது. டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் உள்ள ஆலசன் 1971-இல் வந்தது. சாதாரணப் பல்பில் கம்பி மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் படியும். பல்பு உள்ளே கறுத்துப் போகும். ஆலசன் பல்பின் உள்ளே இருக்கும் வாயு, ஆவியான கம்பியைத் திரும்பக் கம்பிக்கே கொண்டு சேர்க்கும். அதனால் கம்பியை அதிகம் சூடாக்கலாம். வெளிச்சம் வெளுப்பாக வரும். ஆனால் அந்தக் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகவும் சூடாகும். பல்பு சீக்கிரம் போய்விடும்.

சுவரில் ஒரு கோடு

வேலை முடிந்தது என்று டாக்சிக்காரர் பணத்தை எடுத்தார். ஆசான் வாங்கவில்லை. "சாயங்காலம் வா. இருட்டினதும் வா" என்றார்.

பட்டறைக்குப் பக்கத்தில் சமமான தரை இருந்தது. எதிரே ஒரு மதில். ஆசான் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். மதிலுக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தச் சொன்னார். டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எடையும் கணக்கில் சேரும். ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். அதே உயரத்தில் மதிலில் சாக்பீசால் ஒரு கோடு போட்டார். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும்.

டாக்சியில் எப்படி நின்றது தெரியுமா? வலது விளக்கு இரண்டு கோட்டுக்கும் மேலே, எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேராக. இடது விளக்கு இன்னும் மேலே.

"உன் லைட்டு தென்னை மரத்துல தேங்காய் எண்ணிக்கிட்டு இருக்கு மக்களே" என்றார் ஆசான்.

இருந்த கொஞ்ச வெளிச்சமும் சாலைக்கு வரவில்லை. மரத்துக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போனது. விளக்கின் விளிம்பில் இரண்டு திருகாணிகள் இருக்கும். ஒன்று மேலும் கீழும் நகர்த்த. மற்றது பக்கவாட்டில் நகர்த்த. ஆசான் மெல்லத் திருகினார். வெளிச்சம் இறங்கிக் கோட்டில் நின்றது.

10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறங்கினால், 70 மீட்டரில் 70 சென்டிமீட்டர் இறங்கும். விளக்கின் உயரம் 70 சென்டிமீட்டர் என்றால், டிம் வெளிச்சத்தின் விளிம்பு 70 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும். எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகாது. பின் சீட்டில் ஐந்து பேரை அடைத்து, டிக்கியில் கல்யாணச் சாமான் ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கும். வெளிச்சமும் தூக்கும். அன்று மெதுவாகத்தான் போக வேண்டும்.

நம் நாட்டில் வண்டி இடது பக்கம் போகும். அதனால் நம் ஹெட்லைட் கண்ணாடியில் உள்ள வரிகள் டிம் வெளிச்சத்தை இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஓரத்தில் நடக்கிறவர் தெரிவதற்காக. வளைகுடா நாடுகளில் வண்டி வலது பக்கம் போகும். அங்கே விற்கும் விளக்கு வலது பக்கம் தூக்கும். திருவனந்தபுரத்தில் வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் நிறைய. ஆசையோடு அங்கிருந்து ஹெட்லைட் வாங்கி வந்து மாட்டினால் என்ன ஆகும்? நம் சாலையில் அது எதிரே வருகிறவரின் முகத்தில் அடிக்கும். ஓரத்தில் நடக்கிறவரைக் காட்டாது. விலை உயர்ந்த சாமான்தான். ஊர் மாறிவிட்டது.

முன்பு நாட்டின் பல இடங்களில் ஹெட்லைட் கண்ணாடியின் நடுவே கறுப்புப் பொட்டு வைப்பார்கள். கூச்சம் குறையும் என்பார்கள். திருகாணியைத் திருகிச் சரிசெய்ய வேண்டியதற்குப் பொட்டு வைத்து என்ன பயன்? வெளிச்சம் குறைந்ததுதான் மிச்சம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. விளக்கில் இருந்து 8 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் வலது பக்கம் தள்ளி ஒருவர் இருக்கிறார். அவருடைய கண் தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அவர் கண் கூசக் கூடாது. அந்த அளவுக்கு வெளிச்சம் எப்போதும் கீழே இறங்கியிருக்க வேண்டும். கண் கூசிய டிரைவருக்குப் பார்வை தெளிய இரண்டு விநாடி ஆனால், அதற்குள் அவர் 33 மீட்டர் குருட்டுத்தனமாகப் போயிருப்பார். வயதானவர்களுக்கு இன்னும் நேரமாகும்.

இன்றைய வண்டிகள்

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்று வரும் கார்களில் ரிலே கம்பெனியிலேயே இருக்கும். அவற்றில் விளக்கு மங்கினால் பெரும்பாலும் வேறு காரணம். முன்பு ஹெட்லைட்டின் முன்பக்கம் கண்ணாடி இருந்தது. இப்போது பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு அது மஞ்சளாகும். புகை படிந்தது போல ஆகும். அதைத் தேய்த்து மெருகேற்றலாம். மெருகேற்றிய பின் மேல்பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும்.

பலர் ஆலசன் பல்பை எடுத்துவிட்டு அந்தக் கூட்டிலேயே எல்இடி பல்பை மாட்டுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்தக் கூடு ஆலசன் கம்பி இருக்கும் இடத்துக்காகச் செய்தது. வெளிச்சம் புறப்படும் இடமும் வடிவமும் மாறினால் அது சிதறும். வண்டிக்கு முன்னால் பத்தடி வெள்ளையாக இருக்கும். தூரம் தெரியாது. எதிரே வருகிறவருக்குக் கண் போய்விடும். தயாரித்த கம்பெனி குறித்த அளவை மாற்றும் விதத்தில் வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு கேரளத்தில் இருந்து போன வழக்குதான்.

அன்று இரவு

டாக்சிக்காரருக்கு அன்று இரவே மறுபடி நாகர்கோவில் சவாரி கிடைத்தது. இந்த முறை தயங்கவில்லை. நேமம் தாண்டினார். எதிரே கேரள அரசு பஸ் வந்தது. அவர் டிம் அடித்தார். பஸ் டிரைவரும் டிம் அடித்தார். வழக்கமாக எதிரே வருகிறவர்கள் அவர் மீது எரிச்சலோடு பிரைட்டை அடித்து அடித்துக் காட்டுவார்கள். அது ஏன் என்று இத்தனை நாள் அவருக்குத் தெரியவில்லை.

பாலராமபுரம் வந்தது. நெசவாளர்களின் ஊர். தெருவெல்லாம் அடங்கியிருந்தது. ஊரைத் தாண்டியதும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். தூரத்தில், சாலையின் இடது ஓரத்தில், ஏதோ அசைந்தது. சைக்கிள். பின்னால் விளக்கு இல்லை. ஒருவர் மிதித்துக்கொண்டு போனார். அவர் சட்டை என்ன நிறம் என்று தெரிந்தது. கேரியரில் ஒரு மூட்டை இருப்பதும் தெரிந்தது. டாக்சிக்காரர் மெல்லப் பிரேக்கை மிதித்தார். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். பாக்கிப் பணத்தைக் கொடுத்தார்.

"அந்த நூறு வாட் பல்பு ரெண்டையும் என்ன செஞ்சே?" என்று கேட்டார் ஆசான்.

"கடையில திருப்பிக் கொடுத்துட்டேன் ஆசானே. பதிலுக்கு ஆறு பியூஸ் தந்தாங்க. மீதிக் காசும் தந்தாங்க."

"பியூஸ வண்டியிலேயே வை. வீட்டுல வைக்காதே."

ஆசான் அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்தார். மீட்டரைக் கையில் எடுத்தார்.